கோலாலம்பூருக்கு முதல் பயணம்: பக்கேஜ் வானா, கோச்சியா?

வன்னியிலிருந்து மலேசியாவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலும் மூன்று வகை. கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் பிள்ளைகளை நடுவழியில் சந்திக்கப் போகும் தாய் தகப்பன், பத்துமலைக்கு நேர்த்தி வைத்துப் போகும் ஆக்கள், சும்மா ஊர் பார்க்கப் போகும் இளம் குடும்பங்கள். மூன்று வகைக்கும் விற்கப்படுவது ஒரே சாமான்தான்: மூன்று இரவு, நாலு பகல், விமான ரிக்கற், ஹோட்டல், காலைச் சாப்பாடு, ஒரு வான். நோட்டீசில் பத்துமலை, இரட்டைக் கோபுரம், சுதந்திரச் சதுக்கம், அரண்மனை, கெந்திங் மலை எல்லாம் இருக்கும். போனாலும் எல்லாம் காட்டுவார்கள்தான். ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம் நிற்பீர்கள் என்பது மட்டும் நோட்டீசில் இருக்காது.

தீர்ப்பை முதலே சொல்லிவிடலாம். விசாவையும் ரிக்கற்றையும் ஏஜென்சி பார்த்தால் பார்க்கட்டும், அதற்கு ஒரு கூலி கொடுக்கலாம். நகரத்துக்குள் வான் வேண்டாம். முதல் தரம் போகிறவர் பார்க்க விரும்பும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே ரயில் பாதையில்தான் இருக்கின்றன. பத்துமலைக்கு வாசலிலேயே ஸ்ரேசன். இரட்டைக் கோபுரத்துக்குக் காலடியிலேயே ஸ்ரேசன். வானோ நெரிசலில் நிற்கும். நெரிசல் விட்டதும் சொக்கிலேற் கடைக்கும் தோல் சாமான் கடைக்கும் திரும்பும், ஏனென்றால் சாரதியின் கொமிசன் அங்கேதான் கிடக்கிறது. நாலு நாள் பயணத்தில் அரை நாள் இந்தக் கடைகளில் போய்விடும். "அரண்மனை" என்பதும் வாசலில் குதிரைக் காவலனோடு படம் எடுப்பதுதான், உள்ளே விடமாட்டார்கள்.

முதல் நாளில்தான் பக்கேஜ் அதிகம் சறுக்குகிறது. கட்டுநாயக்காவிலிருந்து பறக்கும் நேரம் மூன்றரை முதல் நாலு மணித்தியாலம். மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு நிற்கும். இரவு விமானத்தில் ஏறினால் நித்திரை இல்லாமல் காலையில் இறங்குவீர்கள். ஹோட்டல் அறையோ பின்னேரம் இரண்டு மூன்று மணிக்குத்தான் தருவார்கள். அந்த இடைவெளியை நிரப்ப, முல்லைத்தீவிலிருந்து முதல் நாள் மத்தியானமே புறப்பட்டு வந்த அம்மாவையும் அப்பாவையும் பெட்டி சாமானோடு நேரே பத்துமலைப் படிக்கு ஏற்றிவிடுவார்கள். செய்யவேண்டியது இதற்கு நேரெதிர். பெட்டிகளை ஹோட்டல் கவுண்டரில் ஒப்படைத்துவிட்டு (அறை கிடைக்கமுன்பும் பெட்டி வாங்கி வைப்பார்கள்), சாப்பிட்டு, நிழலில் ஒரு சின்ன நடை, அறை கிடைத்ததும் படுக்கை. பெரிய இடங்களை அடுத்த நாளுக்கு விடுங்கள்.

நேர வித்தியாசத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. வன்னியில் காலை 5.30க்கு எழும்பிப் பழகிய உடம்புக்கு அங்கே அப்போது எட்டு மணி. அங்கே விடிவதே ஏழு மணியை ஒட்டித்தான், பொழுதுபடுவது ஏழு மணிக்குப் பிறகு. பழக்கப்படி எழும்பி, ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்து வெளிக்கிட்டால் பத்து மணியாகிவிடும், வெயில் ஏறிவிடும். மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னலோடு மழை கொட்டுவது அந்த ஊரில் வழக்கம். ஒரு மணித்தியாலத்தில் விட்டுவிடும், ஆனால் கொட்டும்போது குடை உதவாது. ஆகவே வெளியிடம் எல்லாம் காலையில், கூரைக்குக் கீழே பார்ப்பது பின்னேரத்தில். அலாரம் வைத்து எழும்புங்கள்.

விமான நிலையம் செப்பாங்கில், நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். உள்ளே வர மூன்று வழி. எக்ஸ்பிரஸ் ரயில் முதலாம் ரேர்மினலிலிருந்து 28 நிமிடத்தில் நகரத்தின் பிரதான ரயில் நிலையமான கே.எல். சென்றல் வந்துவிடும், ஒரு ஆளுக்கு 55 ரிங்கிட். பஸ் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், பதினைந்து ரிங்கிட் அளவில். போன் செயலியில் அழைக்கும் "கிராப்" வாடகைக் கார் முழுக் காருக்கும் எழுபது, எண்பது ரிங்கிட் அளவில் வரும், நேரத்தைப் பொறுத்துக் கூடும். கணக்குப் போட்டால் விளங்கும்: தனி ஆளுக்குப் பஸ், அவசரமென்றால் ரயில், நாலு பேர் குடும்பத்துக்குக் கார். நாலு பேர் ரயிலில் வந்தால் 220 ரிங்கிட், காரில் அதில் மூன்றில் ஒன்று. கிராப் பிடிக்கப் போனில் இணையம் வேண்டும். வருகை மண்டபத்திலேயே சிம் விற்கும் கவுண்டர்கள் உண்டு, கடவுச்சீட்டைக் காட்டவேண்டும். "ரக்சி, ரக்சி" என்று கிட்ட வந்து கேட்பவர்களோடு கதைக்காமல் நடவுங்கள். இரண்டு ரேர்மினல்கள் இருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ரீலங்கன் முதலாவதில், ஏர் ஏசியா இரண்டாவதில். திரும்பும்போது மாறி இறங்கினால் இடையில் ரயிலோ பஸ்ஸோ பிடித்து ஓடவேண்டும்.

தங்குவதற்கு நல்ல இடம் பிரிக்ஃபீல்ட்ஸ். பக்கேஜ்காரர் பெரும்பாலும் புக்கிட் பிந்தாங்கில்தான் அறை போடுவார்கள். கடைத்தெருவும் இரவு வெளிச்சமும் வேண்டும் என்றால் அது சரி. முதல் தரம் போகும் நம் ஆக்களுக்கு, அதுவும் வயதானவர்களோடு போகும்போது, பிரிக்ஃபீல்ட்ஸ் பல மடங்கு வசதி. நகரத்தின் ரயில்கள் கூடும் கே.எல். சென்றல் நடை தூரத்தில். தெருவில் இறங்கினால் தோசைக் கடை, பூக்கடை, தமிழ்ப் பேச்சு. பிரதான வீதிக்கே துன் சம்பந்தன் பெயர், மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்தவர். இந்த இடத்துக்கு நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் மலாயா ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலைக்குப் போன இலங்கைத் தமிழர் பலர் குடியிருந்தது இங்கேதான். யாழ்ப்பாணத்துப் பழைய "மலாயன் பென்சன்காரர்" பலர் வேலை செய்த ஊர். அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் ஸ்கொட் வீதியில் இன்றும் இருக்கிறது. காலையிலோ மாலையிலோ போகவேண்டும், மத்தியானம் நடை சாத்தியிருக்கும். எந்தப் பக்கேஜிலும் இந்தக் கோயில் இல்லை. பத்துமலையில் கும்பலோடு கும்பலாக நின்ற ஒருவருக்கு இந்த வாசலில் கிடைக்கும் அமைதி வேறு.

பிரிக்ஃபீல்ட்ஸின் குறை சத்தம். வீதிப் பக்க அறை கேட்காதீர்கள். மலிவு அறைகளில் யன்னலே இல்லாதவையும் உண்டு, பதிவு செய்யும்போது பாருங்கள். ஹோட்டலில் இறங்கும்போது அறை வாடகைக்கு மேலே வெளிநாட்டவருக்கு ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கேட்பார்கள். அது ஏமாற்று இல்லை, அரசாங்க வரி. முற்பணமும் வாங்கலாம், போகும்போது திருப்பித் தருவார்கள், பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள். பிளக் தட்டைக் கால் மூன்று உள்ள வகை. வட்டக் கால் சார்ஜர் கொண்டுபோகிறவர் அடப்ரர் எடுத்துப் போகவும்.

ரயிலில் போவது பெரிய வித்தை இல்லை, ஒரு நாளில் பிடிபடும். எல்.ஆர்.ரி., எம்.ஆர்.ரி., மொனோரயில், கே.ரி.எம். கொமியூட்டர் என்று நாலு பெயர் இருந்தாலும் "ரச் அன் கோ" அட்டை ஒன்று எல்லாவற்றுக்கும் போதும். அட்டை 10 ரிங்கிட், அதற்கு மேல் காசு ஏற்றவேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. ஒரே அட்டையை நாலு பேர் மாறி மாறித் தட்ட முடியாது, கேற் விடாது. நாலு நாளுக்கு அட்டை வேண்டாம் என்றால் எல்.ஆர்.ரி. மெசினில் ரோக்கன் எடுக்கலாம். காசுத்தாள் போட, நீல நிறப் பிளாஸ்ரிக் வட்டம் ஒன்று கீழே விழும். சட்டைப் பொத்தானைவிடப் பெரிது. உள்ளே போகும்போது அதைக் கேற்றின் மேல் வைத்துத் தட்டவேண்டும், வெளியே வரும்போது துளைக்குள் போடவேண்டும். முதல் தரம் போகிறவர் செய்யும் பிழை எப்போதும் ஒன்றுதான்: உள்ளே போகும்போதே துளைக்குள் போடப் பார்ப்பார். இல்லையென்றால் தட்டிவிட்டுக் கைப்பையில் எங்கேயோ போட்டுவிட்டு, வெளியேறும் இடத்தில் பையைத் தலைகீழாகக் கொட்டுவார். சேட் பொக்கற்றில் வையுங்கள்.

கே.எல். சென்றலிலிருந்து இரட்டைக் கோபுரத்துக்கு எல்.ஆர்.ரி.யில் ஐந்தாவது ஸ்ரேசன்: பசார் செனி, மஸ்ஜித் ஜாமெக், டாங் வாங்கி, கம்போங் பாரு, கே.எல்.சி.சி. மூன்று ரிங்கிட்டுக்குள் முடியும். மொனோரயில் மட்டும் அதே கட்டடத்துக்குள் இல்லை. பக்கத்து மோல் ஒன்றுக்குள்ளால் நடந்து மற்றப் பக்கம் வெளியே போகவேண்டும். பலகையைப் பார்த்துக்கொண்டு கீழ்த்தளத்தில் சுற்றிக்கொண்டிருப்பவர்களை அங்கே எந்த நேரமும் காணலாம்.

இனிப் பத்துமலை. கே.எல். சென்றலிலிருந்து கொமியூட்டர் ரயில், கடைசி ஸ்ரேசன், அரை மணித்தியாலத்தை ஒட்டிய ஓட்டம், கட்டணம் மூன்று ரிங்கிட்டுக்குள். ரயில் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒன்றுதான், ஆகவே நேர அட்டவணை பார்த்து வெளிக்கிடவேண்டும். பிழைக்கும் இடம் இது: கே.எல். சென்றலில் அதே பக்கமாக இரண்டு பாதை ரயில்கள் வரும். ஒன்று பத்துமலைக்கு, மற்றது தஞ்சோங் மாலிமுக்கு. கோலாலம்பூர், பேங்க் நெகாரா, புத்ரா வரை இரண்டும் ஒன்றாகப் போய்ப் பிறகு பிரியும். மாறி ஏறிவிட்டால் பதறவேண்டாம், புத்ராவில் இறங்கி அடுத்ததைப் பிடிக்கலாம். செகாம்புட் என்ற பெயரைக் கண்டால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். இன்னொன்று, "கோச் வனிதா" என்று இளஞ்சிவப்பில் எழுதிய பெட்டி பெண்களுக்கு மட்டும். எழுத்து விளங்காவிட்டாலும் "வனிதா" விளங்கும்தானே. ஆம்பிளையள் அதில் ஏறி உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்கள்.

ஸ்ரேசனை விட்டு வெளியே வந்ததும் முதலில் வருவது பச்சை நிற அனுமார், 15 மீற்றர் உயரம். பக்கத்தில் இராமாயணக் குகை, அதற்குத் தனிக் கட்டணம். வான்காரர் இதை விட்டுவிடுவார்கள், ஏனென்றால் வாகனம் மற்றப் பக்கம் நிற்கும். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் முருகன். 42.7 மீற்றர், 2006 சனவரியில் திறந்தது, 300 லீற்றர் தங்க நிறப் பூச்சுப் பூசியது. எவ்வளவு படத்தில் பார்த்திருந்தாலும் காலடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது கழுத்து நோகும். சிலையின் வயது இருபதுக்குச் சற்று மேல்தான். கோயிலோ 1890களில் தம்புசாமிப் பிள்ளை வைத்தது. அவரே நகரத்துக்குள் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலையும் 1873இல் நிறுவியவர்.

படி 272. 2018 ஓகஸ்ரில் அடித்த வானவில் நிறங்கள் படத்துக்கு அழகு. ஏறுகிறவருக்கு முக்கியம் வேறு: படிகள் செங்குத்து, பாதம் முழுதாகப் பதியாத அகலம், மழை பெய்தால் வழுக்கும். ஏறுவதைவிட இறங்குவது முழங்காலுக்குக் கொடுமை. நல்ல உடம்புக்கு ஏறப் பதினைந்து நிமிடம், இருந்து இருந்து ஏறுகிறவருக்கு அரை மணி. கைபிடிக் கம்பியை ஒட்டி ஏறுங்கள், இடைத்தட்டுகளில் மற்றவருக்கு வழிவிட்டு நில்லுங்கள். செருப்பைவிடப் பின்பட்டி உள்ள சப்பாத்து நல்லது. வேட்டி, சேலை, முழுக் காற்சட்டை எதுவும் சரி. முழங்கால் தெரிந்தால் அடியிலேயே மறித்துச் சாரம் வாடகைக்கு எடுக்கச் சொல்வார்கள். மேலே பெரிய குகை, கூரையில் ஓட்டை, அதற்குள்ளால் விழும் வெளிச்சம். அதோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். திரும்பவேண்டாம். பின்னால் இன்னும் சில படி ஏறினால் வானம் பார்த்த கிணறுபோல ஒரு வட்டம் வரும், வள்ளி தெய்வானையோடு முருகன் அங்கேதான். முழங்கால் ஏலாத பெரியவர்கள் கீழே உள்ள கோயில்களில் கும்பிட்டு, சிலையின் முன்னால் நிழலில் இருக்கலாம். பிடிவாதமாக ஏற்றி, நடுப்படியில் தலைசுற்றி உட்காரவைப்பது நேர்த்தியாகாது.

குரங்குகளைப் பற்றி வன்னி ஆக்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை என்று நினைப்பீர்கள். நம் தோட்டத்துக் குரங்கு ஆளைக் கண்டால் ஓடும். பத்துமலைக் குரங்கு ஆளை நோக்கி வரும். அதற்குத் தெரிந்தது பொலித்தீன் பை. பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காது, பையைக் கண்டால் இழுக்கும். அர்ச்சனைத் தேங்காய் பழத்தைக் கையில் தட்டோடு ஏந்திக்கொண்டு ஏறுவது அழைப்பிதழ் கொடுப்பதுபோல. துணிப்பைக்குள் வைத்து வாயைக் கட்டி முன்பக்கம் மாட்டுங்கள். மூக்குக்கண்ணாடி, தண்ணீர்ப் போத்தல், பிள்ளையின் கையில் பிஸ்கற், மூன்றையும் கவனியுங்கள். பறித்தால் விட்டுவிடுங்கள், இழுபறிப்படும்போதுதான் கடி விழும். பல் காட்டிச் சிரித்தால் சண்டைக்கு வருகிறாய் என்று எடுத்துக்கொள்ளும். கடித்தாலோ கீறினாலோ பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலை.

தைப்பூசத்துக்கே போகவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அதை முதல் பயணமாக்கவேண்டாம். வற்றாப்பளைப் பொங்கலின் சனத்தைப் பார்த்துப் பழகியவருக்கும் அது வேறு அளவு. லட்சக்கணக்கில் நெருக்கும், படியேற மணிக்கணக்கில் நிற்கவேண்டும். காவடி எடுக்கிறவர் போகலாம், ஊர் பார்க்கிறவர் சாதாரண வாரநாள் காலை எட்டு மணிக்குப் போகலாம். பத்துமலைக்குப் பத்துக்கு ஒன்பதரை கொடுக்கலாம். அரைப் புள்ளி குறைவது அடிவாரக் கடைகளின் விலைக்காக.

பழைய நகரம் நடந்து பார்க்கவேண்டியது, வானால் இதைத் தொடவே முடியாது. பசார் செனியில் இறங்குங்கள். ஐந்து நிமிடத்தில் மகா மாரியம்மன் கோயில். தைப்பூச வெள்ளித்தேர் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான். செருப்பை வாசலில் கொடுத்து வைக்கலாம். எதிரே சீனரின் குவான் டி கோயில், பின்னால் பெத்தாலிங் தெரு. அங்கே விற்கும் கைக்கடிகாரமும் பையும் போலி, விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். கேட்கும் விலையில் மூன்றில் ஒன்றிலிருந்து பேசத் தொடங்கலாம், பேசத் தொடங்கினால் வாங்கும் எண்ணம் வேண்டும். சென்றல் மார்க்கற் 1888இல் இறைச்சி மீன் சந்தையாகத் தொடங்கியது, இப்போது கைப்பணிக் கடைகள். விலை கொஞ்சம் கூட என்றாலும் ஏசி உண்டு, சுத்தமான மலசலகூடம் உண்டு ("தண்டாஸ்" என்று எழுதியிருக்கும், சில இடங்களில் சில்லறை கேட்பார்கள்). அங்கிருந்து ஆற்றங்கரையால் வடக்கே நடந்தால் கிளாங், கோம்பாக் என்ற இரண்டு ஆறுகள் கூடும் முனை, அதில் 1909இல் கட்டிய ஜாமெக் பள்ளிவாசல். கோலாலம்பூர் என்ற பெயருக்கே "சேற்றுக் கூடல்" என்று பொருள். அந்தச் சேற்று முனை இதுதான். தொழுகை நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள், வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். மூடிக்கொள்ள அங்கி தருவார்கள். ஆற்றைக் கடந்தால் சுதந்திரச் சதுக்கம். 1957 ஓகஸ்ற் 31க்குப் பிரித்தானியக் கொடி இறங்கியது இங்கே. எதிரே சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். முழுச் சுற்றும் மூன்று மணித்தியாலம், ஏழரைக்குத் தொடங்கினால் வெயில் உச்சிக்கு ஏறமுன் முடியும். இலவசம் வேறு.

இரட்டைக் கோபுரம் பற்றி ஆளுக்கொரு கருத்து. 452 மீற்றர், 88 மாடி, 1998 முதல் 2004 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம். ரிக்கற் எடுத்தால் 41ஆம் மாடிப் பாலத்துக்கும் 86ஆம் மாடிக்கும் கூட்டிப்போவார்கள். குழுக் குழுவாக, நேரம் குறித்து, முழுச் சுற்றும் ஒரு மணித்தியாலத்துக்குள். திங்கட்கிழமை பூட்டு. ரிக்கற் முன்கூட்டியே இணையத்தில் எடுக்கவேண்டும், அன்றைக்குப் போய் நின்றால் நல்ல நேரங்கள் முடிந்திருக்கும். பாலத்தில் ஒரு விசயம் பார்க்கத்தக்கது: அது இரண்டு கோபுரத்தோடும் இறுக்கிப் பூட்டப்படவில்லை. காற்றுக்குக் கோபுரங்கள் தனித்தனியே ஆடும்போது முறியாமல் இருக்க, முனைகள் வழுக்கி அசையும்படி விட்டிருக்கிறார்கள். அதை அருகில் பார்க்க விரும்பும் பொறியியல் மனம் இருந்தால் போங்கள். மற்றவருக்கு ஒரு ஆள் ரிக்கற் காசில் ஐந்து பேர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடலாம். கோபுரத்தின் மேல் நின்றால் கோபுரம் தெரியாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பின்பக்கப் பூங்காவில் இரவு எட்டு மணிக்குப் பிறகு தண்ணீர் விளையாட்டு, வெளிச்சத்தோடு, காசில்லாமல். முன்பக்கம் படம் எடுக்கும்போது போனில் மாட்டும் அகலக் கண்ணாடி விற்கிறவர்கள் சூழ்வார்கள். வேண்டாம், போனை நிலத்தோடு வைத்து மேலே சரித்தாலே முழுக் கோபுரமும் அடங்கும்.

கெந்திங்குக்கு ஒரு முழு நாளைக் கொடுப்பது வீண். குளிர் காட்டத்தான் கொண்டுபோகிறார்கள். 1,800 மீற்றர் அளவு உயரம், நுவரெலியா பார்த்தவருக்கு அதில் புதினம் இல்லை. மேலே மோல், விளையாட்டுப் பூங்கா, சூதாட்ட மண்டபம். கேபிள் கார் மட்டும் நன்று, நடுவில் சின் சுவீ சீனக் கோயிலில் இறங்கி ஏறலாம். மின்னல் என்றால் நிறுத்திவிடுவார்கள். பறவைப் பூங்காவும் அப்படித்தான். மயிலுக்கும் கொக்குக்கும் காசு கட்டவேண்டுமா? இரணைமடுப் பக்கம் பின்னேரம் போனால் போதும். இருவாய்ச்சிப் பறவை பார்க்கவேண்டும் என்ற பிள்ளை இருந்தால் மட்டும் யோசிக்கலாம். ஐந்தாவது நாள் கையில் இருந்தால் மலாக்கா. ரி.பி.எஸ். என்ற பஸ் நிலையத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், வெள்ளைக்காரர் என்று யாழ்ப்பாணத்தைப் பிடித்த அதே மூன்று பேர், அதே வரிசையில் பிடித்த ஊர். கோட்டை வாசல் ஒன்று மிஞ்சி நிற்கிறது.

சாப்பாட்டில் நம் தமிழ் சில இடத்தில் காலை வாரும். "மச்சம் இல்லாமல்" என்று கேட்டால் கடைக்காரத் தம்பி முழிப்பார், அவருக்கு மச்சம் என்றால் உடம்பில் இருப்பது. "சைவம்" என்று சொல்லுங்கள். "பசியாறிட்டீங்களா" என்று அவர் கேட்டால் காலைச் சாப்பாடு முடிந்ததா என்று அர்த்தம். ரிங்கிட்டை "வெள்ளி" என்பார், "அஞ்சு வெள்ளி" என்றால் ஐந்து ரிங்கிட். பிளேன்ரீ வேண்டுமென்றால் "தே ஓ", சீனி இல்லாமல் "தே ஓ கோசோங்". வெறும் "தே" என்றால் ரின்பால் ஊற்றிய தேத்தண்ணி வரும். பார்சலுக்கு "புங்குஸ்". விரதகாரர் தமிழ்க் கடையிலேயே நில்லுங்கள். மலாய்க் கடை நாசி லெமாக்கில் சம்பலுக்குள் நெத்தலி இருக்கும். கங்குன் சுண்டல் மரக்கறிபோலத் தெரியும், உள்ளே பெலாச்சான் என்ற இறால் பசை இருக்கும். மணத்தில்தான் பிடிபடும், பிடிபடும்போது அரைக் கோப்பை முடிந்திருக்கும்.

கடைசியாகக் கடதாசி வேலை, ஆனால் செய்வது முதலில். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா முன்கூட்டியே எடுக்கவேண்டும், கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும். அதற்கு மேல், போய் இறங்குவதற்கு முன்னான மூன்று நாளுக்குள் டிஜிற்றல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பவேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் போலித்தளம், காசு கேட்கும் ஏஜென்ற் நிரப்பிக் கொடுப்பதற்குக் கூலி கேட்கிறார். குடிவரவுக் கவுண்டரில் திரும்பும் ரிக்கற், ஹோட்டல் பதிவு, கையில் இருக்கும் காசு மூன்றையும் காட்டக் கேட்கலாம், தாளில் அச்சடித்து வையுங்கள். தனியே வரும் இளைஞருக்குக் கேள்வி கூடத்தான் வரும். அந்த இடத்தில் "மாமா பார்த்துக்கொள்வார்" என்ற பதில் வேலை செய்யாது. சுற்றுலா விசாவில் கூட்டிப்போய் வேலை எடுத்துத் தருகிறேன் என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் காசு கொடுக்காதீர்கள். அந்த விசாவில் வேலை செய்வது குற்றம், பிடிபட்டால் மறியல், பிறகு நாடுகடத்தல். யாரோ கொடுத்த பார்சலை "அங்கே ஒருவர் வாங்குவார்" என்று கொண்டுபோவதும் அதே மாதிரி. போதைப்பொருள் இருந்தால் மரணதண்டனை வரை உள்ள நாடு அது. காசை டொலராகக் கொண்டுபோங்கள், நம் ரூபாய்க்கு அங்கே மரியாதை குறைவு. விமான நிலையத்தில் பஸ்ஸுக்கும் சிம்முக்கும் அளவாக மாற்றி, மிச்சத்தை மஸ்ஜித் இந்தியா பக்கமோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ மாற்றுங்கள். மடிப்புக் கிழிந்த, பேனையால் எழுதிய தாள்களைத் தள்ளிவிடுவார்கள்.

பக்கேஜ் வான் யாருக்குச் சரி? சக்கர நாற்காலிக்காரர் இருக்கும் குடும்பத்துக்கும், ஏழெட்டுப் பேராகப் போகும் கூட்டத்துக்கும். அவர்களும் நாலு நாள் வான் எடுக்காமல் ஒரு நாளுக்கு மட்டும் எடுத்து, "கடை நிறுத்தம் இல்லை" என்பதை எழுத்தில் வாங்கட்டும். திரும்பும் நாளில் விமானத்துக்கு நாலரை மணித்தியாலம் முன்னே பிரிக்ஃபீல்ட்ஸை விட்டு வெளிக்கிடுங்கள், மழை நாளென்றால் ஐந்து. கட்டுநாயக்காவில் இறங்கும்போது இழந்த இரண்டரை மணித்தியாலம் திரும்பக் கிடைக்கும். பின்னேரம் இறங்கினால் கொழும்புக்குள் போய் ஒரு இரவு அறைக் காசு கட்டத் தேவையில்லை. புத்தளம் வழியாக வவுனியா, கிளிநொச்சி போகும் இரவுப் பஸ்கள் நீர்கொழும்பு வீதியால்தான் வருகின்றன. ஆசனத்தை முதலே பதிந்து, ஏறும் சந்தியை நடத்துநரிடம் சொல்லி வைத்தால் விடிய முறிகண்டியில் தேங்காய் உடைக்கலாம்.